அடர்த்தியும் அடையாளமும்

இன்னதென்று தெரியாத ஒரு பதார்த்தத்தை உடைக்காமலும் உருக்காமலும் அமிலத்தில் கரைக்காமலும் அடையாளம் காண்பதற்கு மனிதன் கைக்கொண்ட உபாயங்களுள், அதன் அடர்த்தியை அளந்து பார்ப்பது காலத்தால் மூத்தது, செலவாலும் சிறியது. நிறம் மாறலாம், மெருகு ஏமாற்றலாம், உருவத்தை உளியும் அரமும் விரும்பியவாறு திருத்திவிடலாம். ஆனால் ஒரு பொருளின் எடைக்கும் அது அடைத்துக்கொள்ளும் இடத்துக்கும் உள்ள விகிதம், பொருள் குன்றிமணியளவாயினும் குன்றளவாயினும், உஷ்ணமும் அழுத்தமும் மாறாதவரை, தானும் மாறுவதில்லை. ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம் நிறுக்கும், பாதரசம் 13.6, ஈயம் 11.3, வெள்ளி 10.5, செம்பு 8.96, இரும்பு 7.87, அலுமினியம் 2.7. பாடப் புத்தகத்தில் இந்த எண்கள் அட்டவணையாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணும் மாணவன், தான் அளந்து பெற்ற எண்ணை அந்த அட்டவணையில் தேடிப் பொருத்திவிட்டால் வஸ்துவின் பெயர் கைக்கு வந்துவிடும் என்று எண்ணிக்கொள்வது இயல்பே. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் செல்லத் தக்கது, எங்கே கால் ஊன்ற இடமின்றி நின்றுவிடுகிறது என்பதே இங்கு ஆராயப் புகுந்த விஷயம். என் முடிபை முன்னரே சொல்லிவிடுகிறேன்: 'இது அன்று' என்று மறுப்பதில் அடர்த்திக்கு உள்ள வன்மை, 'இதுவே' என்று நிறுவுவதில் அதற்கு இல்லை. நிறுவும் வன்மை அதற்கு வாய்க்க வேண்டுமாயின், ஐயத்துக்கு உரிய பொருள்கள் ஓரிரண்டே என்பது வேறு வழியால் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அல்லது வேறொரு குணம் துணைக்கு வர வேண்டும்.

இத்துறையில் எழுதப் புகுந்தவர் எவரும் சைரக்யூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸையும் ஹீரோ மன்னனின் பொன்முடியையும் தொடாமல் போவதில்லை. அக்கதையை நமக்குச் சொன்னவர் விட்ருவியஸ் என்னும் ரோமானியக் கட்டடக் கலைஞர், அவரோ கி.மு. 212-இல் மாண்ட ஆர்க்கிமிடீஸுக்கு ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு பிற்பட்டவர். முடியையும், அதே எடையுள்ள பொற்கட்டியையும், நீர் நிரம்பிய பாத்திரத்தில் தனித்தனியே அமிழ்த்தி, எது அதிக நீரை வெளியேற்றுகிறது என்று பார்த்துப் பொற்கொல்லனின் களவை வெளிப்படுத்தினார் என்பது அவர் வாக்கு. கதை அழகியது, கணக்குத்தான் இடறுகிறது. முடியின் எடை 1,000 கிராம் என்றும், அதில் 300 கிராம் பொன்னை எடுத்துக்கொண்டு அதே எடைக்கு வெள்ளியைக் கலந்துவிட்டான் என்றும் கொள்வோம். சுத்தப் பொன்னாயின் அது 51.8 கன சென்டிமீட்டர் இடத்தை அடைக்கும். கலப்பு முடி 64.8 கன சென்டிமீட்டரை அடைக்கும். வேறுபாடு 13 கன சென்டிமீட்டர். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாத்திரத்தில் இவ்வேறுபாடு நீர்மட்டத்தை அரை மில்லிமீட்டர்கூட உயர்த்தாது. விளிம்பில் நீர் திரண்டு நிற்பதும், முடியின் இலைவேலைப்பாடுகளுக்கு இடையே காற்றுக் குமிழிகள் தங்குவதும் அந்த அரை மில்லிமீட்டரை விழுங்கிவிடும். இக்குறையை உணர்ந்த கலிலியோ, 1586-இல், இருபத்திரண்டு வயது இளைஞராக இருந்தபோதே, ஒரு சிறு தராசைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஆர்க்கிமிடீஸ் போன்ற மேதை அவ்வளவு கரடுமுரடான முறையைக் கையாண்டிருக்க மாட்டார் என்று கருதி, பொருளை நீருக்குள் தொங்கவிட்டு நிறுக்கும் முறையே அவருடையதாக இருக்கும் என்று ஊகித்தார். அவ்வாறு நிறுத்தால் மேற்சொன்ன 13 கன சென்டிமீட்டர் 13 கிராம் எடைக் குறைவாகத் தராசில் தெரியும்; அதைக் காணத் தவறும் தராசு சந்தையில்கூட இராது. தராசுக் கோலில் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றி, கூரிய ஊசியால் அச்சுற்றுகளை வருடிச் செல்லும்போது எழும் ஓசையாலும் விரலுணர்வாலும் சுற்றுகளை எண்ணிக் கொள்ளலாம் என்று அவர் சொன்ன யுக்தி, கண்ணுக்கு எட்டாத நுட்பத்தைக் காதுக்கும் கைக்கும் மாற்றித் தந்த சாமர்த்தியம்.

ஆயினும் முறை எவ்வளவு நுட்பமானாலும், அந்த விசாரணையில் ஒளிந்துகிடக்கும் ஓர் அனுமானத்தைப் பலர் கவனிப்பதில்லை. கலந்தது வெள்ளிதான் என்று மன்னன் முன்பே சந்தேகித்திருந்தான். அச்சந்தேகம் இல்லாவிட்டால் கதி என்ன? 300 கிராம் வெள்ளி கலந்த முடியின் அடர்த்தி 15.4, அதே எடையுள்ள முடியில் வெள்ளிக்குப் பதிலாக ஏறக்குறைய 218 கிராம் செம்பைக் கலந்தாலும் அடர்த்தி அதே 15.4 தான். வெள்ளியும் செம்பும் வெவ்வேறு விகிதங்களில் சேர்ந்தாலோ, அந்த ஒரே எண்ணுக்கு எண்ணிறந்த கலவைகள் பொருந்தி நிற்கும். சமன்பாடு ஒன்று, தெரியாதவை இரண்டு என்றால் விடை நிலைகொள்ளாது என்பது பள்ளிக்கூடத்து இயற்கணிதம். அடர்த்தியால் அடையாளம் காணும் முயற்சியின் இடர்ப்பாடுகளுள் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும்.

கிரேக்கருக்குப் பின் இம்முறையை உண்மையான அளவைச் சாஸ்திரமாக வளர்த்தவர்கள் இஸ்லாமிய உலகின் அறிஞர்கள். 973-இல் பிறந்த அல்பிரூனி, கூம்பு வடிவான ஒரு பாத்திரத்தின் கழுத்தில் குறுகிய குழாயொன்றைப் பொருத்தி, பொருளை இட்டபோது அதன் வழியே வழிந்த நீரை நிறுத்து, உலோகங்களுக்கும் மணிகளுக்கும் தந்த எண்கள் இன்றைய எண்களுக்கு வியக்கத்தக்க அளவு அண்மையில் நிற்கின்றன. அவருக்குப் பின் மெர்வ் நகரில் வாழ்ந்த அல்காஸினி, 1121-இல் முடித்த 'ஞானத் தராசு' என்னும் நூலில், ஐந்து தட்டுகள் கொண்ட தராசை விவரிக்கிறார். நீரின் வெப்ப நிலை மாறினால் அளவும் மாறும் என்பதை அவர் அறிந்திருந்தார். சுல்தானின் கருவூலத்துக்கு வரும் மணிகளும் உலோகங்களும் மெய்யா போலியா என்று தெளிவதே அத்தராசின் பயன். ஐரோப்பாவில் ராபர்ட் பாயில் 1675-இல் கள்ள நாணயங்களைக் கண்டறிய, நீரில் மிதக்கும் கருவியொன்றின் அடியில் நாணயத்தைக் கோத்துப் பார்க்கும் ஏற்பாட்டை வெளியிட்டார். ஆக, இக்கலை பிறந்ததும் வளர்ந்ததும் பெரும்பாலும் பொன்னின் நிழலிலேதான்.

அந்தப் பொன்னின் விஷயத்திலேயே இன்று அடர்த்தியின் நிலை என்ன என்று பார்ப்பது பொருத்தம். 22 காரட் பொன்னில் கலந்திருப்பது முழுவதும் செம்பாயின் அடர்த்தி ஏறத்தாழ 17.6; முழுவதும் வெள்ளியாயின் 18.0-ஐச் சற்றுக் கடக்கும். எனவே 17.8 என்று ஒரு நகை காட்டினால் அது 22 காரட் என்பதற்கு முரணில்லை என்று கூறலாம். அதற்குமேல் ஒன்றும் கூறுவதற்கில்லை. உள்ளே அரக்கு நிரப்பிய வளையலும், கல் பதித்த பதக்கமும், உட்குழிவான மணிகளும் இந்தப் பரீட்சைக்கே உட்படாதவை. நம் ஆசாரிகள் தலைமுறை தலைமுறையாக உரைகல்லையே நம்பி வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். உரைகல்லும், இக்காலத்து நகைக்கடைகளில் காரட் பார்க்கும் எக்ஸ்-கதிர்ப் பொறியும் மேற்பரப்பை மாத்திரமே அறிவன. அடர்த்தியோ பொருளின் உள்ளும் புறமும் ஒருங்கே கூட்டிச் சொல்வது. ஈயத்துக்குப் பொன்முலாம் பூசியவன் உரைகல்லைச் சில வேளை ஏமாற்றலாம். நீர்த்தராசை ஏமாற்ற இயலாது, ஏனெனில் பொன்னின் கனம் சாதாரண உலோகம் எதற்கும் இல்லை. ஆனால் டங்ஸ்டன் என்னும் உலோகத்தின் அடர்த்தி 19.25. பொன்னுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு ஆயிரத்தில் மூன்று பங்கு அளவே. பொற்பாளத்தின் உட்புறத்தைக் குடைந்து டங்ஸ்டன் கோல்களைச் செருகி மூடிவிட்டால், ஆர்க்கிமிடீஸே வந்தாலும் தலையசைத்துப் 'பொன்' என்றுதான் சொல்லுவார். அங்கே கள்ளத்தைப் பிடிப்பது ஒலி. இரு உலோகங்களிலும் ஒலி செல்லும் வேகம் வெவ்வேறாதலால், மீயொலி அலையைப் பாளத்துள் செலுத்திப் பார்த்து உள்ளிருப்பதை அறிகிறார்கள். மலிவான எந்தப் போலியையும் அடர்த்தி தள்ளிவிடும். அதன் தன்மையை அறிந்து அதற்கென்றே சமைத்த போலியிடம் தோற்றுவிடும்.

அளத்தலில் நேரும் பிழைகளைப் பற்றியும் இவ்விடத்தில் சிறிது சொல்ல வேண்டும். ஒரு காரட் எடையுள்ள மணி 0.2 கிராம், அது மாணிக்கமாயின் அடர்த்தி 4.0, ஆகவே நீரில் அது இழக்கும் எடை 0.05 கிராம் மாத்திரமே. தராசு ஒரு மில்லிகிராம் பிழைத்தாலும் விடையில் நூற்றுக்கு இரண்டு பிழை வந்துவிடும். மணியைத் தொங்கவிடும் கம்பியை நீர்ப்பரப்பு பற்றி இழுக்கும் விசையும், மணியின் அடியில் ஒட்டிக்கொண்ட ஒரு குமிழியும் அந்த மில்லிகிராமை எளிதில் உண்டாக்க வல்லன. தூளான பொருள்களுக்கு அடர்த்திக் குப்பி ஏற்றது. அங்கும் துகள்களுக்கிடையே சிக்கிய காற்றை வெளியேற்றாவிட்டால் எண் குறைந்தே வரும். நீரில் கரையும் உப்பு, சர்க்கரை முதலியவற்றை மண்ணெண்ணெய் போன்ற வேறு திரவத்தில் அளக்கிறார்கள். நீரின் அடர்த்தி 4 பாகை செல்சியஸில் 1.000, நம் நாட்டின் 30 பாகையில் 0.9957. குளிர்நாட்டில் 60 பாகை பாரன்ஹீட்டுக்கு அளவு குறிக்கப்பட்ட கருவியைக் கோடைகாலத்துச் சென்னையில் அப்படியே நம்பிப் பயன்படுத்துவோன் எண்ணை அல்ல, வெயிலையே அளக்கிறான்.

சிறு மணிகளுக்கு நேரும் இந்த இடர்ப்பாட்டைத் தாண்டவே கனத் திரவங்களைக் கொண்டு சோதிக்கும் முறை எழுந்தது. அடர்த்தி 2.89 உள்ள புரோமோபார்மும், 3.32 உள்ள மெதிலின் அயோடைடும் நிரம்பிய இரண்டு சிறு குப்பிகள் போதும்; மணியை இட்டால் மிதப்பது, அமிழ்வது, இடையில் அசையாது நிற்பது என்ற மூன்றில் ஒன்று நிகழும்; மணி எவ்வளவு சிறியதானாலும் தீர்ப்பு ஒன்றே. மஞ்சள் நிறப் புஷ்பராகம் என்று விற்கப்படும் கல் புரோமோபார்மில் மிதந்தால் அது வெறும் பளிங்கு (2.65) அல்லது கண்ணாடி வகையாகலாம், நிச்சயமாக மஞ்சள் நிறக் குருந்தமும் (4.0) அன்று, டோபாஸும் (3.53) அன்று. வைரமென்று கொண்டுவந்த கல் மெதிலின் அயோடைடில் மிதந்தால் அது வைரம் (3.52) அன்று, ஆய்வுக்கூடத்தில் சமைக்கப்படும் மாய்சனைட்டாக (3.22) இருத்தல் கூடும். வெப்பம் கடத்துவதைக் கொண்டு வைரத்தைத் தேறும் சிறு கருவிகள் மாய்சனைட்டிடம் ஏமாறும்போது, இந்தப் பழைய குப்பி ஏமாறாமல் நிற்பது காணத் தக்க வேடிக்கை. மறுதலையாக, நிறமற்ற டோபாஸுக்கும் வைரத்துக்கும் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றே. அங்கே குப்பி வாய் திறவாது; டோபாஸ் ஒளியை இரண்டாகப் பிளக்கும், வைரம் பிளக்காது என்பதைக் கொண்டே அவற்றைப் பிரிக்க முடியும்.

மணிகளின் பேச்சு வந்தால் இலங்கையை விட்டுச் செல்லலாகாது. இரத்தினபுரிப் பக்கத்து ஆற்றுப் படுகைகளிலிருந்து எடுக்கப்படும் கூழாங்கல் நிரையில் ஒரே கூடைக்குள் பத்துப் பதினைந்து வகைக் கனிமங்கள் உருண்டு கிடக்கும். அவற்றைப் பிரித்தறிந்த வரலாறே அடர்த்தியின் பெருமைக்கும் சிறுமைக்கும் ஒருங்கே சான்று. 'மாத்தறை வைரம்' என்று முன்னாளில் பெயர் பெற்ற நிறமற்ற சிர்க்கானைத் தராசு உடனே காட்டிக்கொடுத்துவிடும், வைரத்தின் 3.52 எங்கே, சிர்க்கானின் 4.7 எங்கே! ஆனால் 1945-இல் டப்ளின் நகரில் டாபே என்னும் பிரபு, பழைய மணிகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கண்ட இளஊதா நிறக் கல்லொன்றின் கதை வேறு. அதன் அடர்த்தி 3.61, ஸ்பைனல் என்னும் மணிக்கு உரிய எண் 3.60. தராசை மாத்திரம் நம்பியிருந்தால் அது ஸ்பைனல் கூட்டத்திலேயே என்றும் கிடந்திருக்கும். ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியின் வழியே நோக்கியபோது, கல்லின் பின்புறத்து விளிம்புகள் இரட்டையாகத் தெரிந்தன. ஸ்பைனல் ஒளியைப் பிளப்பதில்லை. லண்டனில் எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தவர்கள் அது அதுவரை உலகம் அறியாத கனிமம் என்று கண்டு, அவர் பெயராலேயே டாபேயைட் என்றனர். பட்டை தீட்டிய மணியாக முதலில் அறியப்பட்டுப் பின்னரே கனிமமாக அறியப்பட்ட விநோதம் அதற்கு உண்டு. அதன் பிறப்பிடம் இலங்கை என்பதும் பிற்பாடுதான் தெளிந்தது.

அதன் பின் சில ஆண்டுகளிலேயே இன்னொன்று நேர்ந்தது. பழுப்பு நிறப் பெரிடாட் என்று அருங்காட்சியகங்களிலும் வியாபாரிகளின் பெட்டிகளிலும் வழங்கிவந்த சில இலங்கைக் கற்களின் அடர்த்தி 3.48, பெரிடாட்டுக்கு வழக்கமான எண் 3.34. வேறுபாடு புலப்படத்தான் செய்கிறது; ஆனால் பெரிடாட்டில் இரும்பு மிகுந்தால் அடர்த்தியும் உயரும், நிறமும் கருகும் என்பது தெரிந்த செய்தியாதலால், அவ்வேறுபாட்டுக்கு ஒரு சமாதானமும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. 1952-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தார் எக்ஸ்-கதிரால் சோதித்து, அது போரான் அடங்கிய முற்றிலும் வேறான கனிமம் என்று நிறுவி, சிங்களத் தீவின் பெயரால் சின்ஹலைட் என்று அழைத்தனர். கார்னெட் போன்ற கனிமங்களில் ஓர் உலோகத்தின் இடத்தை மற்றோர் உலோகம் எளிதில் பற்றிக்கொள்வதால் அவற்றின் அடர்த்தி 3.5 முதல் 4.3 வரை நீண்டு கிடக்கும். அட்டவணையில் ஒற்றை எண்ணாகத் தோன்றுவது உண்மையில் ஒரு பட்டை. பட்டைகளோ ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடப்பவை.

கலை வரலாற்றாசிரியராகவே நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி, அதற்கு முன் இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைமை தாங்கிய புவியியல் அறிஞர் என்பதைப் பலர் நினைப்பதில்லை. 1904-இல் மணிக்கல் நிரைகளில் கிடைத்த, கருநிறமும் கனசதுர வடிவமும் கொண்ட, கைக்கு விபரீதமாகக் கனக்கும் சிறு படிகங்களை அவர் முதலில் யுரேனினைட் என்று கொண்டார். டன்ஸ்டன் என்பாரின் ரசாயனப் பகுப்பே அதில் தோரியம் ஆக்சைடு பெரும்பங்கு என்று காட்டி, அது தோரியனைட் என்னும் புதுக் கனிமம் என நிலைநாட்டிற்று. தோரியனைட்டின் அடர்த்தி 9.7 அளவு; யுரேனினைட்டின் அடர்த்தியோ சிதைவுக்கு ஏற்ப ஏறியும் இறங்கியும் இந்த எண்ணையும் தன் எல்லைக்குள் அடக்கிக்கொள்வது. அந்தக் கனம் மற்ற ஆயிரம் கனிமங்களை விலக்கிவிட்டது. எஞ்சிய இரண்டுக்குள் தேர்ந்தெடுக்க அதனால் ஆகவில்லை.

இயற்கையே அடர்த்தியைக் கொண்டு பொருள்களைப் பிரிக்கும் இடமொன்று குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை. அலை ஏறி இறங்கும்போது 2.65 அடர்த்தியுள்ள வெண்மணலை வாரிக்கொண்டு போய், கனத்த மணலைக் கரையில் கருவரிகளாக விட்டுச் செல்கிறது. 1909-இல் ஷாம்பர்க் என்னும் ஜெர்மானிய ரசாயனர் அம்மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். அக்காலத்து வாயு விளக்குகளின் வலைத்திரிக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்தது. இன்று அங்குள்ள மணல் ஆலையிலும் முதற்படி, மணலை நீரோடு சுழலப் பாய்ச்சிக் கனம் குறைந்ததை ஒதுக்குவதுதான். அதற்குமேல் அடர்த்தி உதவாது. ஏனெனில் ஒதுங்கி நின்ற இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கான், மோனசைட்டு ஆகியவை யாவும் 4.2 முதல் 5.2 வரையுள்ள குறுகிய வெளிக்குள் நெருங்கி நிற்பவை. இல்மனைட்டைக் காந்தம் வலிதாக இழுக்கும். மோனசைட்டை மெலிதாக இழுக்கும். ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும். சிர்க்கான் காந்தத்துக்கும் மின்சாரத்துக்கும் அசையாது. இக்குணங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஏவித்தான் நான்கையும் பிரிக்கிறார்கள்.

திரவங்களில் இந்த விசாரணை இன்னும் எளிதென்று தோன்றும். மானியை மிதக்கவிட்டு எண்ணைப் படித்தால் முடிந்தது. தூத்துக்குடி உப்பளங்களில் பாத்தி நீரின் 'டிகிரி' பார்ப்பதும் அதுவே. போமே அளவில் 25 பாகைக்குக் கிட்டிய பின்னரே உப்பு படியத் தொடங்கும்; அதற்கு முன்னர் ஜிப்சமும், 29, 30-ஐத் தாண்டினால் கசப்பான மக்னீசிய உப்புகளும் படியும். தாய்ப்பொருள் கடல்நீர் என்பது திண்ணமாகத் தெரிந்திருப்பதால், அங்கே ஒற்றை எண் ஒரு முழுக் கதையையும் சொல்லிவிடுகிறது. பால் அவ்வளவு நேர்மையான திரவமன்று. பசும்பாலின் ஒப்படர்த்தி 1.028 முதல் 1.032 வரை, நீர் சேர்த்தால் அது குறையும், நீரைவிட இலேசான கொழுப்பை எடுத்துவிட்டால் 1.035 அளவுக்கு உயரும். ஆகவே ஏடெடுத்த பால் ஒன்பது படியுடன் நீர் ஒரு படி சேர்ப்பவன் ஏறத்தாழ 1.0315 என்ற எண்ணைப் பெறுவான். பால்மானி அவனுக்கு நற்சான்று வழங்கும்! இரண்டு களவுகள் சேர்ந்து ஒரு நேர்மையாகத் தோன்றும் இவ்விடத்தில்தான், கொழுப்பைத் தனியே அளக்கும் கெர்பரின் முறை அடர்த்தியோடு கைகோத்தது. இரு எண்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலே பாலின் சத்துப்பொருள் அளவு வெளிப்படும்.

சாராயத்தின் விஷயம் இதைவிடக் கொடியது. ஆங்கிலேய அரசு 1816 முதல் மேற்கொண்ட சைக்ஸ் மானியும் அதன் அட்டவணைகளும் தீர்வைத் துறையாரின் வேதமாக நெடுங்காலம் விளங்கின. மதுசாரமும் நீரும் கலக்கும்போது மொத்தப் பருமன் சுருங்குவதால் வெறும் விகிதக் கணக்கு அங்கே செல்லாது. மெண்டலீவ் 1865-இல் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வே இந்தக் கலவையைப் பற்றியதுதான். இத்தனை நுட்பத்தோடு வளர்ந்த கருவி, குடிக்கத்தக்க எத்தனாலையும் (0.789) கண்ணைக் குருடாக்கி உயிரைப் போக்கும் மெத்தனாலையும் (0.791) வேறுபடுத்தி அறியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எத்துணைத் தேர்ந்த கையில் மானியைக் கொடுத்திருந்தாலும் அந்தச் சாராயத்தை அது தடுத்திருக்காது. அதற்கு வேண்டியது ஆவியைப் பிரித்தறியும் ரசாயனக் கருவி.

இவ்வளவு குறை கூறியபின், அடர்த்தி தன் முழு வீரத்தையும் காட்டிய சரித்திரத்தைக் கூறாவிடில் நியாயமாகாது. இங்கிலாந்தின் ராலே பிரபு வாயுக்களின் அடர்த்தியை நிறுக்கத் தொடங்கியது அணு எடைகளைத் துல்லியமாக்கும் நோக்கத்தினால். புதிதொன்றைக் காணும் ஆசையால் அன்று. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜனுக்கும், ஓரளவு அம்மோனியாவின் வழியே வந்த நைட்ரஜனுக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு வேறுபாடு தெரிந்தது. வேறொருவராயின் பிழையென்று தள்ளியிருப்பார்; அல்லது இரண்டுக்கும் சராசரி கண்டு அச்சிட்டிருப்பார். அவரோ அந்த வேறுபாட்டைப் பெரிதாக்க முடியுமா என்று முயன்று, நைட்ரஜன் முழுவதும் அம்மோனியாவிலிருந்தே வருமாறு செய்தபோது, அது இருநூற்றில் ஒரு பங்காக வளர்ந்தது: லிட்டருக்குக் காற்றின் நைட்ரஜன் 1.2572 கிராம், ரசாயன நைட்ரஜன் 1.2505 கிராம். 1892-இல் 'நேச்சர்' பத்திரிகையில் இதை வெளியிட்டு, காரணம் அறிந்தோர் சொல்லுமாறு ரசாயனிகளை வேண்டினார். வில்லியம் ராம்சே அவரோடு சேர்ந்தார். 1894-இல், நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்களவுக்கு ஒரு புதிய வாயு ஒளிந்திருக்கிறது என்று இருவரும் அறிவித்தனர். 1785-லேயே காவண்டிஷ் தம் பரிசோதனைக் குழாயில் எதனோடும் சேராத ஒரு சிறு குமிழி எஞ்சியதைக் கண்டு எழுதிவைத்திருந்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதன் பொருளை எவரும் தேடவில்லை.

ஆர்கான் என்று பெயர் பெற்ற அவ்வாயுவைக் காட்டிக்கொடுத்த அடர்த்தியே அதன் பெயரை நிலைநாட்ட வந்தபோது தடுமாறிற்று என்பது இச்சரித்திரத்தின் சுவையான பகுதி. ஹைட்ரஜனோடு ஒப்பிட ஆர்கானின் அடர்த்தி ஏறத்தாழ 20. நைட்ரஜன் அணுக்கள் மூன்று சேர்ந்து ஒரு மூலக்கூறாயின் அதன் அடர்த்தி 21 ஆகும். ஆகவே இது புதிய தனிமமன்று, நைட்ரஜனின் மாற்றுருவமே என்று வாதிட்டோருள் மெண்டலீவும் ஒருவர். நிறமாலையில் கண்ட புதுக் கோடுகளும், மூலக்கூறு ஓர் அணுவாலானது என்பதை ஒலி வேகத்தின் வழியே காட்டிய வெப்ப விகிதமுமே அவ்வாதத்தை அடக்கின. அதே மெண்டலீவ் இருபது ஆண்டுகளுக்கு முன் அடர்த்தியைக் கொண்டு அடைந்த வெற்றியை நினைக்கும்போது விதியின் விளையாட்டு விளங்கும். 1875-இல் காலியத்தைக் கண்ட பிரெஞ்சு அறிஞர் லெகோக் த பாய்ஸ்போத்ரான் அதன் அடர்த்தி 4.7 என்று வெளியிட்டார்; அவ்வுலோகத்தைக் கண்ணால் கண்டிராத மெண்டலீவ், தம் தனிம அட்டவணைப்படி 5.9 இருத்தல் வேண்டும், மாதிரி சுத்தமாக இராது என்று எழுதினார். மீண்டும் சுத்திகரித்து அளந்தபோது 5.9 தான் வந்தது. அட்டவணை என்னும் இரண்டாவது ஆதாரம் பின்னணியில் இருந்ததனால்தான் ஒரு தவறான எண் தவறு என்று புலப்பட்டது.

இக்காலத்துப் பிரயோகங்களில் இரண்டை மட்டும் குறிப்பேன். குப்பைக் கிடங்குக்கு வரும் பிளாஸ்டிக்கைப் பிரிப்பவர்கள் அரைத்த துண்டுகளை நீரில் கொட்டினால், பாலிபுரோப்பிலீனும் (0.90) பாலிஎத்திலீனும் (0.92 முதல் 0.96 வரை) மிதக்கும், தண்ணீர்ப் பாட்டில் செய்யும் பெட் (1.38) அமிழும், பாட்டிலிலிருந்து மூடி இவ்வாறு தானே பிரிந்துவிடுகிறது. ஆனால் பி.வி.சி.யும் அதே 1.38-ஐ ஒட்டியே நிற்பதால் பெட்டோடு சேர்ந்து அமிழ்ந்து, உருக்கும்போது அமில வாயுவை விட்டு அதைக் கெடுக்கிறது. அகச்சிவப்புக் கதிரால் நோக்கியே இரண்டையும் பிரிக்கிறார்கள். மற்றொன்று 1958-இல் மெசல்சன், ஸ்டால் என்னும் இருவர் செய்தது. கனத்த நைட்ரஜனை ஊட்டி வளர்த்த பாக்டீரியாக்களின் டி.என்.ஏ.வுக்கும் சாதாரண டி.என்.ஏ.வுக்கும் அடர்த்தி வேறுபாடு 0.014 மாத்திரமே. சீசியம் குளோரைடுக் கரைசலோடு அதை 20 மணி நேரம் அதிவேகமாகச் சுழற்றியபோது, ஒவ்வொன்றும் தனக்கு ஒத்த அடர்த்தியுள்ள இடத்தில் வரியாகத் தங்கிற்று. ஒரு தலைமுறை கழிந்தபின் தோன்றிய வரி இரண்டுக்கும் சரி நடுவில் நின்றது. பழைய இழை ஒன்றும் புதிய இழை ஒன்றும் சேர்ந்தே புதிய மூலக்கூறு உண்டாகிறது என்பது அதனால் விளங்கிற்று. இத்துணைச் சிறு வேறுபாடு இத்துணைப் பெரிய உண்மையைத் தந்ததற்குக் காரணம், அந்தக் குழாயில் மாறக்கூடியது நைட்ரஜன் ஒன்றே என்று பரிசோதனையை வகுத்திருந்த திறமை.

உடைத்துப் பார்க்கவும் தொட்டுப் பார்க்கவும் வழியில்லாத பொருள்களில் மிகப் பெரியது நம் காலடியிலேயே இருக்கிறது. 1798-இல் காவண்டிஷ், ஈயக் குண்டுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் மெல்லிய விசையை அளந்து, பூமியின் சராசரி அடர்த்தி நீரைப்போல் 5.48 மடங்கு என்று கணித்தார். இன்றைய எண் 5.51. மேற்பரப்பின் பாறைகளோ 2.7 அளவே. ஆகவே உள்ளே ஏதோ மிகக் கனத்த பொருள் இருந்தே தீரவேண்டும். அது இரும்பு என்று சொல்ல விண்கற்களின் சாட்சியும் பின்னர் நிலநடுக்க அலைகளின் சாட்சியும் வேண்டியிருந்தன. சூரியனுக்கு அப்பால் வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களுக்கோ இவற்றுள் ஒன்றுமில்லை. கோள் தன் விண்மீனை மறைக்கும்போது குறையும் ஒளியிலிருந்து அதன் ஆரமும், விண்மீனை அசைக்கும் அளவிலிருந்து அதன் பொருண்மையும் கிடைக்கும். இரண்டையும் கொண்டு கணிக்கும் அடர்த்தி ஒன்றே பல கோள்களைப் பற்றி நம் கையிலுள்ள முழு விவரம். 124 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள கே2-18பி என்னும் கோள் பூமியைப் போல் ஏறத்தாழ 8.6 மடங்கு பொருண்மையும் 2.6 மடங்கு ஆரமும் உடையது. அதன் அடர்த்தி 2.7 அளவு வருகிறது. மணி வியாபாரியின் அட்டவணையில் அந்த எண் பளிங்கைக் காட்டும். வானியலாரோ, பாறை உட்கருவின்மீது ஆழ்ந்த நீர்க்கடல் கொண்ட கோளும், பாறையின்மீது தடித்த ஹைட்ரஜன் போர்வை கொண்ட கோளும், இரண்டும் கலந்த பலவும் அந்த ஒரே எண்ணுக்குப் பொருந்துவதைக் கண்டு, 2023-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பினர். வளிமண்டலத்தின் வழியே வடிந்துவந்த ஒளியில் மீத்தேனும் கரியமில வாயுவும் அடையாளம் காணப்பட்டன. அவற்றின் கீழே இருப்பது கடலா, கொதிக்கும் வாயுவா என்பது பற்றி அறிஞர்கள் இன்னும் தர்க்கித்துக்கொண்டிருக்கிறார்கள்.